எலெக்ட்ரிக் அடுப்பை யார் திறப்பது? வணிகச் சமையலறைக்கு மூன்று வழிகள்

ஆறு பிளேட் அடுப்பு ஒன்று. வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் இடது ஓரத்து இரண்டு பிளேட்டும் ஒன்றாக ஆறிப்போயின. கூப்பிட்ட மெக்கானிக் வந்தார், குமிழைத் திருப்பிப் பார்த்தார், "ரெண்டு பிளேட்டும் போயிடுச்சு" என்றார். புதிதாக இரண்டு வாங்கி மாட்டியும் சூடு வரவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். மெயினை நிறுத்திவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். குப்பென்று கருகிய வாடை. மெயின் கேபிள் வந்து சேரும் டெர்மினல் பிளாக்கில் ஒரு ஃபேஸின் ஸ்க்ரூ தளர்ந்து, அந்த மூலையே கரியாகியிருந்தது. கம்பியைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கழற்றிப் போட்டிருந்த பழைய பிளேட் இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

த்ரீ ஃபேஸ் அடுப்பில் லோடை மூன்றாகப் பிரித்திருப்பார்கள். ஆறு பிளேட் என்றால் ஃபேஸுக்கு இரண்டு. இரண்டு பிளேட் ஒரே நொடியில் எரிந்துபோவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக மேலே எது இருக்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வட்ட வணிகப் பிளேட் ஒன்று 2.6 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டில் சுமார் 22.6 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஸ்க்ரூவில் 0.1 ஓம் தடை உண்டானாலே அந்த ஒரே புள்ளியில் 50 வாட்டுக்கு மேல் வெப்பம் கிளம்பும். ஒரு சாலிடரிங் அயர்னை டெர்மினலுக்குள் சொருகி நாள் முழுக்க விட்டுவைத்த மாதிரி. கரன்ட் கூடவில்லை, அதனால் எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. எர்த்துக்கும் கசியவில்லை, அதனால் ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. காவலுக்கு வைத்த இரண்டுக்குமே தெரியாமல் எரிகிற நெருப்பு இது. தினமும் சூடாகி ஆறுகிற உலோகத்தில் ஸ்க்ரூ தளரத்தான் செய்யும். ஆண்டுக்கு இரண்டு முறை யாராவது திறந்து முறுக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த 'யாராவது' யார் என்பதுதான் கேள்வி. சொந்த ஆளை வைத்தே பார்த்துக்கொள்வதா, கெட்டுப்போனால் வெளி மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த நிறுவனத்திடமோ ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுவிடுவதா? சமையலறை நடத்துகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்தான் தப்பே ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாத வேலை, தேவைப்படும் வேலை. முதலாவது எப்போதும் உங்கள் ஆட்களுடையது. இரண்டாவதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ஒப்பீட்டுக்கே இடம் இருக்கிறது.

ஸ்க்ரூவைத் தொடாத வேலை

இதை எந்த ஒப்பந்தக்காரரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார். செய்யாவிட்டால் எந்த ஒப்பந்தமும் அடுப்பைக் காப்பாற்றாது.

வார்ப்பிரும்புப் பிளேட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். சூடாக இருக்கும்போது ஊற்றினால் விரிசல் விடும். ஆறிய பிறகு ஊற்றினாலும் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். சூடு அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, சிறிது நேரம் குறைந்த சூட்டில் உலர்த்தி, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு பூச்சு கொடுத்தால் போதும். பாத்திரம் இல்லாமல் முழுச் சூட்டில் எரியவிடுவது இரண்டாவது எதிரி. "வேலை வரும்போது ரெடியாக இருக்கட்டும்" என்று காலையிலேயே எல்லாக் குமிழையும் ஆறில் வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பிளேட்டின் ஆயுளை அது பாதியாக்குகிறதா, கால்வாசியாக்குகிறதா என்று நான் அளந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட சமையலறைகளுக்குத்தான் அடிக்கடி பிளேட் மாற்றப் போயிருக்கிறேன்.

இரவில் தரையைக் கழுவுகிறவர் அதே ஹோஸ் பைப்பால் அடுப்பின் முகத்தையும் ஒரு அடி அடிப்பார். பெயர்த்தகட்டில், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் பொருள். பைப் வைத்து அடிப்பதைத் தாங்க 5 வேண்டும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்ச்சுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

அவன் (oven) கதவின் ரப்பர் சீலில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் வெப்பம் வெளியேறுகிறது. பக்கத்தில் இருக்கும் குமிழும் ஒயரும்தான் அந்த வெப்பத்தை வாங்குகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பென்றால் காற்று உள்ளே போகும் ஃபில்டரைக் கழுவுவதும் உங்கள் ஆளின் வேலைதான். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் போர்டு வெந்துபோகும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் அழுத்திப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். அடுப்பின் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு நோட்டு. எந்தக் குமிழ், எத்தனையில் வைத்தபோது, என்ன ஆனது என்று எழுதி வைத்தால் மெக்கானிக்குக்கு அரை வேலை மிச்சம். உதாரணத்துக்கு, ஏழு நிலை ஸ்விட்ச் உள்ள பிளேட்டில் "ஒன்றில் சூடே இல்லை, ஆறில் மந்தமாகச் சூடாகிறது" என்று எழுதியிருந்தால் எனக்குத் தகட்டைத் திறக்கும் முன்பே பாதி பதில் கிடைத்துவிடும். உள்ளே மூன்று சுருள் இருக்கும். ஒன்றில் வைத்தால் மூன்றும் வரிசையாக இணையும். ஒரு சுருள் அறுந்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஆறில் மூன்றும் பக்க இணைப்பில் ஓடும். மீதி இரண்டு சூடேறும். "பிளேட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

கூப்பிட்டால் வரும் மெக்கானிக்

ஸ்க்ரூ டிரைவர் வேலைக்குப் பெரும்பாலான சிறிய சமையலறைகள் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. வார்ப்பிரும்புப் பிளேட், ஏழு நிலை ஸ்விட்ச், சிம்மர்ஸ்டாட் (விட்டுவிட்டுக் கரன்ட் கொடுத்துச் சூட்டைக் குறைக்கும் ஸ்விட்ச்), தெர்மோஸ்டாட் எல்லாம் பல தயாரிப்புகளுக்கும் பொதுவான பாகங்கள். அனுபவமுள்ள ஒருவர் எந்த அடுப்பையும் பார்த்துவிடுவார், சீக்கிரமும் வருவார்.

குறை, அவருக்குக் காசு கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. அடுப்பு கெட்டால்தான் அவருக்கு வேலை. கெடாமல் இருக்கும்போது வந்து டெர்மினலை முறுக்கச் சொல்லி நாம் கூப்பிடுவதில்லை. வந்தாலும், இருபது பேர் தலைக்கு மேல் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும்போது எதையாவது மாற்றிச் சூடு வரவைத்துவிட்டுப் போகத்தான் யாருக்கும் தோன்றும். ஆரம்பத்தில் சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அந்த நிலையில் நிறுத்தியது நாம்.

இன்னொன்று, வீட்டு ஒயரிங் பார்ப்பவரும் வணிக அடுப்பு பார்ப்பவரும் ஒன்றல்ல. வணிக அடுப்புக்கும் அவனுக்கும் ஐ.இ.சி. 60335-2-36 என்று தனிச் சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலையே இருக்கிறது. தெரியாதவர் செய்யும் தப்புகள் எனக்கு மனப்பாடம். 230 வோல்ட் எலிமென்ட்டை (சூடேற்றும் பாகத்தை) இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டில் மாட்டினால் மூன்று மடங்கு சக்தி ஓடி, பளீரென்று சிவந்து முடிந்துபோகும். மாறாக, 400 வோல்ட் எலிமென்ட்டை 230 வோல்ட்டில் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கு சூடுதான் வரும், "ஸ்பேர் டூப்ளிகேட்" என்று பழி விழும். அதைவிட மோசம் ஒயர். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைக்கும்தான். பிளேட்டின் அடியில் அதைக் கொண்டுபோய் மாட்டினால் சில வாரங்களில் உறை இளகி, பிறகு காய்ந்து உதிரும். அந்த இடத்துக்குக் கண்ணாடி இழை பின்னிய சிலிக்கோன் ஒயரும் பீங்கான் கனெக்டரும்தான் சரி. உங்கள் மெக்கானிக்கின் பையில் அவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆளை எடைபோட எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

சொந்த எலெக்ட்ரீஷியன்

பத்துப் பதினைந்து சாதனங்கள் ஓடும் பெரிய சமையலறையில் முழுநேர ஆள் வைப்பது லாபம்தான். அடுப்பின் ஜாதகமே அவருக்குத் தெரியும், இரவிலும் கூப்பிடலாம். ஆனால் அவர் சமையலறைத் தலைவரின் கீழே வேலை செய்கிறார். அங்கேதான் எனக்குக் கவலை.

ஒரு இடத்தில் அவனின் பாதுகாப்பு தெர்மோஸ்டாட் அடிக்கடி விழுந்தது. இது வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அல்ல. அது தவறி, சூடு எல்லை மீறும்போது துண்டிக்கும் இரண்டாவது காவல். ஒரு முறை விழுந்தால் கையால் அழுத்தித்தான் திரும்பப் போட முடியும். முதல் வாரம் தினமும் அழுத்தினார்கள். இரண்டாவது வாரம், "இந்தச் சனியனை எடுத்துவிடு, வேலை ஓடட்டும்" என்று மேலிருந்து உத்தரவு. எலெக்ட்ரீஷியனும் இரண்டு ஒயரையும் முறுக்கி ஒட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது, கட்டுப்படுத்தும் கான்டாக்டரின் (தெர்மோஸ்டாட் சொல்கிறபடி பெரிய கரன்ட்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. தெர்மோஸ்டாட் "போதும்" என்று நிறுத்தியும் எலிமென்ட்டுக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருந்தது. வேறொரு கான்டாக்டர் வழியாக அதை நிறுத்திக்கொண்டிருந்த ஒரே சாதனம், அவர்கள் எடுத்துவிட்ட அந்தச் சனியன்தான். கழற்றிய பிறகு உட்புற விளக்கின் கண்ணாடி வெடித்ததோடு நின்றது, நல்ல காலம்.

சொந்த ஆள் வைப்பதென்றால், "பாதுகாப்பு விஷயத்தில் நிறுத்து என்று இவர் சொன்னால் நிறுத்த வேண்டும்" என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத எலெக்ட்ரீஷியனை விட வெளி மெக்கானிக்கே மேல்; அவருக்காவது "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகும் சுதந்திரம் உண்டு.

ஏ.எம்.சி.

ஒப்பந்தத்தின் பலம், ஒன்றும் கெடாத நாளிலும் ஒருவர் வருவார் என்பது. அசல் ஸ்பேர் கிடைக்கும், வாரண்டி கெடாது. ஆனால் ஒப்பந்தம் போட்டவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. வருகையில் என்ன செய்வார்கள் என்று எழுதியிருக்கிறதா? 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் இருந்தால் துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். வந்தவர் ஐசொலேட்டரை (அடுப்புக்கு வரும் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) நிறுத்தாமல் கால் மணி நேரத்தில் கிளம்பினால், அவர் ஒரு டெர்மினலைக்கூட முறுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

நான் எழுதச் சொல்வது இவை: மெயின் கேபிள் முதல் ஒவ்வொரு எலிமென்ட் முனை வரை எல்லா இணைப்பும் முறுக்கப்பட வேண்டும், எர்த் தொடர்ச்சி அளக்கப்பட வேண்டும், ஒவ்வொரு எலிமென்ட்டின் இன்சுலேஷனும் மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) பார்க்கப்பட வேண்டும், அளவுகளை எண்ணாக எழுதித் தர வேண்டும். 'ஓகே' என்று டிக் போட்ட தாள் வேண்டாம்.

எண் எதற்கு என்றால், எலிமென்ட்டின் உள்ளே நிக்ரோம் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். முனையில் இருக்கும் அடைப்பு விரிசல் கண்டால் ஈரம் மெல்ல மெல்ல ஏறும், இன்சுலேஷன் இறங்கும், ஒருநாள் ஆர்.சி.சி.பி. விழும். நீண்ட நாள் மூடிக்கிடந்த சமையலறையைத் திறந்து முதல் ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது ஆர்.சி.சி.பி.யைச் சுற்றிவிட்டு நேராகக் கரன்ட் கொடுத்து "காயட்டும்" என்று விடுகிறவர்கள் உண்டு. காய்ந்துவிடும் என்பது உண்மைதான். காயும் வரை அடுப்பின் உடம்பில் கரன்ட் இருக்கலாம், அதில் ஒருவர் கை வைக்கலாம் என்பதும் உண்மை. எலிமென்ட்டைக் கழற்றித் தனியாகச் சூட்டில் உலர்த்தி, மறுபடி மெக்கரில் பார்த்து மாட்டுவதுதான் முறை.

இண்டக்‌ஷன் அடுப்பென்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ஏ.எம்.சி.தான். போர்டைத் தயாரித்தவர் மட்டுமே அதற்கு மாற்று தர முடியும். எரர் கோடைப் படிக்கும் அட்டவணையும் அவரிடம்தான் இருக்கும். ஆபத்தும் வேறு வகை. 400 வோல்ட் த்ரீ ஃபேஸை உள்ளே டி.சி.யாக மாற்றினால் சுமார் 565 வோல்ட் வரும். மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். ஹாட் பிளேட் மட்டும் பார்த்துப் பழகியவர் "மெயின் ஆஃப்தானே" என்று கையை நீட்டினால் அடி வாங்குவார். மேல் கண்ணாடியில் விரிசல் கண்டால் டச் பட்டனை நம்பாமல் ஐசொலேட்டரிலேயே நிறுத்திவிட வேண்டும். விரிசல் வழியே இறங்கும் தண்ணீர் நேரே மின் பாகங்களுக்குத்தான் போகும்.

யார் திறந்தாலும்

மூன்று வழியில் எதை எடுத்தாலும் ஒன்றில் மட்டும் சமரசம் கிடையாது. குமிழைச் சுழியத்தில் வைப்பது கரன்ட்டை நிறுத்துவது ஆகாது. பல ஸ்விட்ச்சுகளும் தெர்மோஸ்டாட்டுகளும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். மறுமுனையில் இன்னொரு ஃபேஸ் உயிரோடு காத்திருக்கும். ஐசொலேட்டரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் ஒரு அட்டை, யார் வேலை செய்கிறார் என்ற பெயரோடு.

பிறகு அளப்பது. நம்மில் பலருக்கு டெஸ்டர் என்றால் நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவர்தான். உடம்பு வழியே போகும் மிகச் சிறு மின்னோட்டத்தில்தான் அது எரிகிறது. ரப்பர் விரிப்பில் நின்றாலோ, சமையலறை விளக்கு பளிச்சென்று இருந்தாலோ, எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அது எரியவில்லை என்பதை "கரன்ட் இல்லை" என்று எடுத்துக்கொண்டவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் கரன்ட் உள்ள வேறொரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து அடுப்பில், மூன்று ஃபேஸ் தமக்குள், ஒவ்வொன்றும் நியூட்ரலோடு, ஒவ்வொன்றும் எர்த்தோடு, கடைசியாக நியூட்ரலும் எர்த்தும் என்று பத்து அளவு. முடித்ததும் திரும்பவும் அந்தக் கரன்ட் உள்ள இடத்தில் வைத்து, நடுவில் டெஸ்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அதற்கு எலெக்ட்ரிக்கல் படித்திருக்க வேண்டியதில்லை.

எனில், எது?

நாலைந்து ஹாட் பிளேட்டும் ஒரு அவனும் உள்ள சமையலறைக்கு ஏ.எம்.சி. தேவையில்லை என்பேன், வாரண்டி முடிந்திருந்தால். நல்ல வெளி மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, பழுதுக்கு இவ்வளவு என்று பேசாமல் ஆண்டுக்கு இரண்டு திட்டமிட்ட வருகைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நான் ஏ.எம்.சி.க்கு எழுதச் சொன்ன வேலைப் பட்டியலை அப்படியே அவரிடம் கொடுங்கள். இண்டக்‌ஷனோ எலெக்ட்ரானிக் அவனோ இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஏ.எம்.சி. பெரிய இடமென்றால் சொந்த எலெக்ட்ரீஷியன், போர்டு சமாச்சாரத்துக்கு மட்டும் ஒப்பந்தம்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வியும் கூடவே வரும். ஒரு பிளேட், ஒரு ஸ்விட்ச் என்றால் தயங்காமல் பழுது பாருங்கள். உள் ஒயர்கள் எல்லாமே தொட்டால் நொறுங்குகின்றன, எர்த் ஸ்டட் இருக்கும் தகடே துருப்பிடித்து அரித்துவிட்டது, தெர்மோஸ்டாட்டுக்கு அதே வெப்ப எல்லையில் மாற்று கிடைக்கவில்லை என்று இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்த அடுப்பில் இனி காசு போட வேண்டாம்.

அந்த ஆறு பிளேட் அடுப்பு இப்போதும் ஓடுகிறது. தேவையில்லாமல் கழற்றிய பிளேட்டுகள் இரண்டும் ஸ்பேராக அலமாரியில் இருந்தன. மூன்றாவது திட்டமிட்ட வருகையில் நோட்டைப் புரட்டினேன். நாலாம் பிளேட்டின் மெக்கர் அளவு முதலில் 20 மெகாஓம், அடுத்தது 12, அன்றைக்கு 3. சூடு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, சமையல்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. விடுமுறை நாள் பார்த்து அதைக் கழற்றி, அலமாரியில் இருந்த ஒன்றை அங்கே மாட்டினோம்.